ஏன் என்று சொல்லாமல் அடுத்த வரி கிடையாது

“மெதுவாகக் கற்கும் மாணவர்: முதல் அகத்தேர்வில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறைவாகப் பெற்றவர், பாடக் கருத்துகளைத் தாமாக உள்வாங்க இயலாதவர், வகுப்பில் வினா எழுப்பத் தயங்குபவர், ஆசிரியரின் தனிக்கவனம் தேவைப்படுபவர்.”

கல்லூரிகளின் தரத்தை அளக்க வருபவர்களுக்காக ஒவ்வொரு துறையும் தயாரிக்கும் கோப்பில் இப்படி ஓர் இலக்கணம் உண்டு. பெரம்பலூரில் எங்கள் கல்லூரியின் கணிதத் துறையில், மூன்றாமாண்டு இளங்கலை வகுப்பில், இந்த இலக்கணத்துக்குள் வந்து விழுந்தவர்களில் வளர்மதியும் ஒருத்தி. முதல் அம்சம் அவளுக்குப் பொருந்தியது, மறுப்பதற்கில்லை. மூன்றாவது அம்சத்தைப் படித்த அன்பழகன் சார் மட்டும் சிரித்துவிட்டார். அந்த வகுப்புக்கு மெய்ப் பகுப்பாய்வு நடத்திய கௌரவ விரிவுரையாளர் அவர். வளர்மதி கேள்வி கேட்கத் தயங்கிய நாள் ஒன்று உண்டென்றால், அன்று அவள் கல்லூரிக்கு வரவில்லை என்று பொருள்.

அவள் மதிப்பெண் இழந்த கதையைச் சொல்லிவிடுவது நல்லது. ‘ஒருங்கும் தொடர்வரிசை ஒவ்வொன்றும் வரம்புடையது என நிறுவுக’ என்பது முதல் கேள்வி. புத்தகத்தில் அந்த நிரூபணம் “எப்சிலான் = 1 என்க” என்று தொடங்குகிறது. எப்சிலான் என்பது எவ்வளவு சிறியதாக வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு நேர் எண். வகுப்பு முழுவதும் அப்படியே தொடங்கி, அப்படியே முடித்து, அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. வளர்மதி அந்த முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். ஏன் ஒன்று? இரண்டு என்று வைத்தால் என்ன கெட்டுவிடும்? இரண்டு வைத்துப் பார்த்தாள். அரை வைத்துப் பார்த்தாள். ஆயிரம் வைத்துப் பார்த்தாள். கடைசியில், “எதை எடுத்தாலும் நிரூபணம் நிற்கிறது, ஆகவே ஒன்று என்பது வசதிக்காக மட்டுமே” என்று எழுதினாள். மற்ற கேள்விகளைத் தொடவில்லை. அன்பழகன் சார் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு குறிப்பு எழுதினார்: “முற்றிலும் சரி. ஆனால் மணி அடித்துவிட்டது.” மதிப்பெண்ணை விதிப்படிதான் போட்டார்.

மெய்ப் பகுப்பாய்வு என்பது, பள்ளிக்கூடத்தில் சரியென்று நம்பிச் செய்த எல்லாவற்றையும் ‘ஏன் சரி’ என்று மறுபடி கேட்கும் பாடம். கேட்பதற்கென்றே உண்டான அந்தப் பாடத்தை நம் பக்கத்தில் பெரும்பாலும் மனப்பாடம் செய்துதான் தேறுகிறார்கள். இதில் முரண்பாடு இருப்பதாக யாரும் புகார் சொன்னதில்லை.

வளர்மதிக்கு எறையூர். அப்பா ராசாங்கம் கரும்பு வெட்டும் ஆட்களோடு ஊர் ஊராகப் போகிறவர். அம்மா பச்சையம்மாளும் சீசனில் கட்டு கட்டப் போவார். சொந்தத்தில் நிலம் இருந்த தலைமுறை எதுவும் அந்த வீட்டில் இல்லை. கல்லூரிக்குப் போன தலைமுறை இதுதான் முதல். மகள் கணக்கு படிக்கிறாள் என்பதில் பச்சையம்மாளுக்குப் பெருமை உண்டு. அதில் ஒரு பயனும் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தது குற்றமில்லை.

“ஏண்டி, கணக்குதான படிக்கிற? கரும்பு எடையில எங்கயோ இடிக்குதுன்னு ஒங்கப்பா சொல்றாரு. என்னன்னு செத்த பாரு.”

“எங்க கணக்குல நம்பரே வராதும்மா.”

“நம்பரு வராத கணக்கா?”

“எப்பவாச்சும் ஒண்ணுன்னு வரும். அதுவும் ஏன் வந்துச்சுன்னு தெரியல.”

“இதுக்கா தெனம் பஸ்சுல போயிட்டு வர?”

செப்டம்பரில் அன்பழகன் சாருக்கு வடக்கே ஒரு மாவட்டத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. பத்து வருடம் காத்திருந்த மனிதர். மாணவர்கள் கேன்டீனில் போண்டாவும் டீயும் வாங்கிக் கொடுத்து, சால்வை போர்த்தி, மனதார வழியனுப்பினார்கள். அனுப்பிவிட்டுத் திரும்பிய பிறகுதான் மெய்ப் பகுப்பாய்வு அநாதையாகிவிட்டது தெரிந்தது. பரீட்சை நவம்பரில். துறைத்தலைவர் மலர்க்கொடி ஏற்கெனவே மூன்று தாள்கள் நடத்திக்கொண்டிருந்தார். புதிய ஆள் வருவது அடுத்த பருவத்தில்தான் என்று பதில் வந்தது.

இந்தச் செய்தி வகுப்பிலேயே மிக அதிகமாகத் தாக்கியது, அந்த வகுப்பைச் சேராத ஒருவனை. கொளஞ்சி முந்தைய ஆண்டு படித்து முடித்தவன். முடித்தவன் என்று சொல்லக் கூடாது, இந்த ஒரு தாள் பாக்கி. அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் வாசலில், உள்ளே போகும் வெளியே வரும் லாரிகளைக் குறித்துக்கொள்ளும் தற்காலிக வேலையில் இருந்தான். பட்டம் வந்துவிட்டால் ஆபீசுக்குள் ஓர் இருக்கை காத்திருந்தது. தை மாதம் வரைதான் காத்திருக்கும். அதற்குப் பிறகு வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதனால் இரவு ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு, துறைத்தலைவரிடம் அனுமதியும் பெற்று, ஜூனியர் வகுப்பின் கடைசி வரிசையில் வந்து உட்கார ஆரம்பித்திருந்தான்.

கொளஞ்சிக்கு உழைப்பு போதாது என்று யாரும் சொல்ல முடியாது. தேற்றங்களை அவன் ஒப்பிக்கக் கேட்டால் கோயிலில் பதிகம் கேட்பது போல இருக்கும். ஒரே ஒரு பிசகுதான். ‘மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு, சீராகவும் தொடர்ச்சியானது’ என்று ஒரு தேற்றம். எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே அளவு, அதாவது ஒரே டெல்டா, உண்டு என்பதைத்தான் அதில் நிரூபிக்க வேண்டும். கொளஞ்சி அந்த டெல்டாவை முதல் வரியிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, மூன்று பக்கம் நடந்து, கடைசியில் அதையே கண்டுபிடிப்பான். திருத்துகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அந்த மூன்று பக்கத்தைக் குறுக்கே அடித்தார்கள். ஏன் அடிக்கிறார்கள் என்பதுதான் அவனுக்கு இதுவரை விளங்காத ஒரே தேற்றம்.

தரக் கோப்பில் ‘சக மாணவர் கற்பித்தல்’ என்று ஓர் இனம் இருந்தது. மலர்க்கொடி மேடம் அதைப் பிடித்துக்கொண்டார். மேம்பட்டுக் கற்போர் பட்டியலில் முதல் பெயர் பானுப்ரியா. அவளையே வகுப்பெடுக்கச் சொல்லிவிட்டு, பின்னால் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தலானார். பானுப்ரியா நல்ல பெண். நினைவாற்றலில் யாரும் அவளை நெருங்க முடியாது. புத்தகத்தைத் திறக்காமல் ஒரு நிரூபணத்தைப் பலகை முழுக்க எழுதி முடித்தாள். வளர்மதி கை தூக்கினாள்.

“மூணாவது வரி ஏன்டி?”

“புக்ல அப்படித்தான் இருக்கு.”

“புக்ல ஏன் அப்படி இருக்கு?”

பானுப்ரியா பலகையைப் பார்த்தாள். தான் எழுதியதைத் தானே முதன்முறையாகப் படிப்பவள் போல வெகுநேரம் பார்த்தாள். பிறகு சாக்பீஸை நீட்டினாள். “தெரியலடி. நீ வந்து நில்லு, நான் ஒக்காந்து கேக்குறேன். எனக்கு அது இன்னும் சுலபம்.” இதைச் சொல்ல ஒரு பெருந்தன்மை வேண்டும். அதைப் பெருந்தன்மை என்று அவள் நினைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

“எனக்கும் தெரியாது,” என்றபடியே வளர்மதி எழுந்து போனாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. மாதாந்திர அறிக்கையில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. கணினியில் ‘கற்பித்தவர்’ என்ற கட்டம் மேம்பட்டோர் பட்டியலிலிருந்து மட்டுமே பெயரை ஏற்றுக்கொள்ளும். வளர்மதியின் பெயரை அது மூன்று முறை துப்பியது. மேடம் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். ஆக, அந்தப் பருவத்தில் எங்கள் கல்லூரியில் எல்லோரும் பயன்பெற்ற, எவருமே கற்பிக்காத ஒரு வகுப்பு நடந்திருக்கிறது. கணிதத்தில் இதைவிடப் பெரிய அதிசயங்களும் உண்டு.

வளர்மதி வைத்த விதி ஒன்றே ஒன்று. வகுப்பில் யாராவது ஒருவர் ‘ஏன்’ என்று சொல்லாத வரைக்கும் அடுத்த வரியை எழுத மாட்டாள். தனக்குத் தெரிந்திருந்தாலும் எழுத மாட்டாள். தெரியாதபோது எழுத முடியாது. சாக்பீஸோடு நிற்பாள். வகுப்பும் அப்படியே உட்கார்ந்திருக்கும். சில நாள் ஒரு மணி நேரத்தில் இரண்டு வரி நகரும். பாதிப் பேருக்கு இது வினோதமாகவும், மீதிப் பேருக்குப் பயமாகவும் இருந்தது. போர்ஷன் முடியாது என்பது வெளிப்படை.

கடைசி வரிசையிலிருந்து கொளஞ்சி குரல் கொடுப்பான். “டீச்சரம்மா, எப்சிலானைக் கொஞ்சம் வழியில எறக்கி வுட்டுட்டுப் போவலாமா? அரியலூர் பஸ்சு போயிடும்.”

“அடுத்த பஸ்சுல போலாம்ணே. எப்சிலானுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவுல இன்னொரு எப்சிலான் எப்பவும் வரும்.”

“ஒனக்கென்ன, எறையூர் பஸ்சு வாசல்லயே நிக்கும்.”

அக்டோபர் கடைசியில் கொளஞ்சியின் தேற்றம் வந்தது. வளர்மதி முந்தின நாளே தயாரித்துக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்கென்று ஒரு டெல்டா உண்டு. அத்தனையிலும் மிகச் சிறியதை எடுத்துக்கொண்டால் அது எல்லா இடத்துக்கும் பொருந்தும். முடிந்தது. வகுப்புக்கும் பிடித்துப்போயிற்று. விதிப்படி ‘ஏன்’ கேட்டதற்கு, “சின்னது எல்லாத்துக்கும் போதும்ல” என்று நான்கைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள். கொளஞ்சி, இத்தனை முறை தன்னை அடித்த தேற்றம் நான்கு வரியில் படுத்துவிட்டதைக் கண்டு, முதன்முறையாகப் புன்னகைத்தான்.

பின்னால் விடைத்தாள்களுக்கு நடுவிலிருந்து மலர்க்கொடி மேடம் நிமிர்ந்தார். “வளர்மதி, எத்தனை டெல்டா இருக்கும்மா?”

“புள்ளிக்கு ஒண்ணு மேடம்.”

“புள்ளி எத்தனை?”

வளர்மதி சாக்பீஸைக் கீழே வைத்தாள். “நாளைக்குச் சொல்றேன் மேடம்,” என்றாள்.

மறுநாள் வந்ததும் முதல் வார்த்தையாக, “நேத்து நான் சொன்னது தப்பு” என்றாள்.

கொளஞ்சி எழுந்துவிட்டான். அவன் கோபப்பட்டு அந்த வகுப்பு பார்த்ததில்லை. “ஏம்மா, பரீட்சைக்கு மூணு வாரங்கூட இல்ல. நேத்து சரின்ன, இன்னிக்குத் தப்புன்ற. ராத்திரி பூரா லாரிக்கு நடுவுல நின்னுகிட்டு அந்த நாலு வரியத்தான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். ஒனக்குத் தப்பா போனா அடுத்த வருசம் பாத்துக்கலாம். எனக்கு அடுத்த வருசம்னு ஒண்ணு இல்ல. நான் பழைய மாதிரி மனப்பாடமே பண்ணிக்கிறேன், வுடு.”

பையை எடுத்துக்கொண்டான். வளர்மதி சமாதானம் சொல்லவில்லை. அவளுக்கு அது வராது. கேள்விதான் வரும்.

“அண்ணே, நீங்க சொரங்கக் குழிக்குள்ள எறங்கியிருக்கீங்கல்ல?”

“தெனமுந்தான். அதுக்கு என்ன இப்ப?”

“கண்ண மூடிக்கிட்டு எறங்குறீங்கன்னு வைங்க. ஒரு எட்டு வச்சா ஒரு முழத்துக்கு மேல கீழ போயிடக் கூடாது. அந்த ஒரு முழந்தான் எப்சிலான். எவ்ளோ தூரம் எட்டு வைப்பீங்க?”

“எங்க நிக்கிறேன்னு சொல்லு. மேல சாய்வு கம்மி, தாராளமா வைக்கலாம். செங்குத்தான எடத்துல வெரக்கடைதான்.”

“அந்த எட்டுதான் டெல்டா. எடத்துக்கு எடம் மாறுது. இது வெறும் தொடர்ச்சி. குழி பூரா, எங்க நின்னாலும் ஆபத்தில்லாத ஒரே எட்டு ஒண்ணு இருக்கா? அதான் தேற்றம் கேக்குது. நீங்க பரீட்சையில மொத வரியிலயே அது இருக்குன்னு எழுதிடுறீங்க.”

கொளஞ்சி பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. ஆனால் நகரவும் இல்லை. “இருக்குற எட்டுலயே சின்னத எடுத்தா ஆச்சு. நேத்து நீ சொன்னதுதான?”

“அதான் தப்பு. கீழ போவப் போவ செங்குத்தாயிட்டே போவுது, குழிக்கு அடியே இல்லன்னு வைங்க. எட்டு சிறுத்துக்கிட்டே போவும். இதான் சின்னதுன்னு நீங்க எதக் காட்டுனாலும், அதுக்குக் கீழ அதவிடச் சின்னது ஒண்ணு இருக்கும்.”

“அடியில்லாத குழிய எந்தக் கம்பெனியும் வெட்ட முடியாது.”

“வுட்டா வெட்டுவாங்க,” என்றாள் பானுப்ரியா.

வகுப்பு சிரித்தது. கொளஞ்சி சிரிக்கவில்லை. அவன் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுண்ணாம்புக்கல் குழியை ஒரேயடியாகத் தோண்டுவதில்லை. அகல அகலமான படிகளாக வெட்டிக்கொண்டு இறங்குவார்கள். ஒவ்வொரு படியையும் அங்கே ‘பெஞ்ச்’ என்பார்கள்.

“இல்ல, இரு. அடி இருக்குற குழின்னா, எவ்ளோ பெருசா இருந்தாலும் பெஞ்ச எண்ணி முடிச்சிடலாம். எடத்துக்கு ஒரு எட்டுன்னு பாக்காத. பெஞ்சுக்கு ஒரு எட்டுன்னு பாரு. எண்ணி முடிச்சதுன்னா, அதுல சின்னது ஒண்ணு இருந்துதான ஆவணும்?”

வளர்மதி திரும்பி, பலகையில் ‘எண்ணி முடிக்கலாம்’ என்று எழுதினாள். “அண்ணே, தேற்றமே இதுதான். அடி இருக்குற குழிதான் மூடிய இடைவெளி. எனக்கு ராத்திரி பூரா வராத வரி இது.”

“சரிம்மா,” என்றார் மேடம் பின்னாலிருந்து, “ரெண்டு பெஞ்ச் சேருற ஓரத்துல நிக்கிறவன் என்ன பண்ணுவான்?”

அது நியாயமான கேள்வி. காலை எட்டி வைத்தால் அடுத்த பெஞ்சில் விழுவான். அங்கே அளவு வேறு. அதற்காகத்தான் நிரூபணத்தில் ஒவ்வொரு எட்டையும் பாதியாக்குகிறார்கள். அந்தப் பாதி ஏன் என்று கண்டுபிடிக்க வகுப்புக்கு மேலும் இரண்டு நாள் ஆயிற்று. கொளஞ்சி அந்த இரண்டு நாளும் வந்தான். பை தரையில் இருந்தது.

எதிர்பார்த்தபடி போர்ஷன் முடியவில்லை. கடைசி அலகான தொகையீட்டைத் தொடக்கூட இல்லை. பரீட்சையில் அந்தத் தேற்றமும் கேட்கப்படவில்லை. அதை அத்தனை நாள் நடத்தியது வீண் என்று முதல் பார்வையில் தோன்றியிருக்கும். கேட்கப்பட்டது கடைசி அலகிலிருந்து: ‘மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு தொகையிடத்தக்கது என நிறுவுக.’ யாரும் படித்திராத கேள்வி. பானுப்ரியா மட்டும் புத்தகத்தைத் தனியே ஒருமுறை புரட்டியிருந்தாள். அவளுக்கு ஒருமுறை போதும்.

கொளஞ்சி வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்ற வளர்மதியிடம் நேராகப் போனான்.

“அதே குழிதாம்மா. ஒரே எட்டு கெடைக்கும்னு தெரியும்ல, அதவிடச் சின்னச் சின்னத் துண்டா வெட்டிட்டேன். ஒவ்வொரு துண்டுலயும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் எப்சிலானுக்குள்ள வந்துடுச்சு. கூட்டுனா, எப்சிலானோட இடைவெளி நீளமும் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அத எப்புடிக் கழட்டுறதுன்னு தெரியல. அப்படியே வுட்டுட்டேன். போச்சா?”

“கழட்டவே வேணாம்ணே. நீளம் மாறாத நம்பர்தான. எப்சிலான எவ்ளோ சின்னதா வேணா எடுக்கலாம்ல, அத்தோட பெருக்குனாலும் சின்னதாதான் வரும்.”

“அப்ப சரியா?”

“சரி.”

“புக்ல பாக்காமலே சொல்றியே?”

“நீங்க பாக்காமதான எழுதுனீங்க?”

முடிவுகள் பொங்கலுக்கு முன்பே வந்தன. பானுப்ரியா வகுப்பில் முதல். வளர்மதி நடுவில் எங்கேயோ. மூன்று கேள்விகளை முழுமையாகவும் நான்காவதை அவளுக்குத் திருப்தியான இடம் வரையிலும் எழுதியிருந்தாள். வகுப்பில் பெரும்பாலானோர் தேறினார்கள். கொளஞ்சி தேவையான மதிப்பெண்ணைவிடச் சற்றே கூடுதலாக வாங்கினான். இந்த முறை குறுக்குக் கோடு விழவில்லை.

நம் மாவட்டங்களில் நன்றி என்ற சொல்லை மேடையில்தான் புழங்குவோம். நேரில் சொன்னால் இரண்டு பேருக்கும் கூச்சமாகிவிடும். கொளஞ்சி தை பிறந்து ஒரு வாரம் கழித்து, ஜெயங்கொண்டத்துப் பக்கம் இருக்கும் அத்தை வீட்டு முந்திரி ஒரு பை நிறையத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தான். மேடத்துக்கு முதலில் கொடுத்தான். அப்புறம் பானுப்ரியாவுக்கு, அப்புறம் வரிசையாக எல்லோருக்கும். மீதிப் பையை வளர்மதியின் மேஜையில் வைத்தான்.

“ஆபீஸ்ல சீட்டு குடுத்துட்டாங்க. ஃபேனுக்குக் கீழ.”

“நல்லாருங்கண்ணே.”

“வூட்டுக்கு எடுத்துட்டுப் போ. ஒங்கம்மாகிட்ட, அவங்க கேட்டாங்கன்னு ஒரு நாள் சொன்னியே, அந்த நம்பரு வராத கணக்குல வந்ததுன்னு சொல்லு.”

“நீங்க பெஞ்சச் சொல்லலன்னா எனக்கு அந்தத் தேற்றம் வந்திருக்காதுண்ணே,” என்றாள் வளர்மதி. முகமனுக்குச் சொல்லவில்லை, அவள் முகமன் சொல்லக் கற்றவள் அல்ல. கொளஞ்சி தலையைச் சொறிந்துகொண்டு, “பஸ்சுக்கு நேரமாச்சு” என்று கிளம்பிப் போனான்.

அன்பழகன் சாருக்கும் யாரோ செய்தி அனுப்பியிருக்கிறார்கள். தான் விட்டுப்போன வகுப்பைப் பற்றி உறுத்தலோடு இருந்ததாகவும், இப்போது இல்லை என்றும் பதில் போட்டிருந்தார். மலர்க்கொடி மேடம் அந்த மாணவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், பின் வரிசையில் உட்கார்ந்து திருத்திய விடைத்தாள்களில் அந்தப் பருவத்தில்தான் அதிகத் தாமதம் ஆனது என்பார், குறையாகச் சொல்வதில்லை. நிரப்பப்படாத ஒரு பணியிடத்துக்கு நன்றி சொல்வது ஆபத்தானது. இன்னும் பலவற்றைக் காலியாக விட்டுவிடுவார்கள். ஆகவே நன்றியை ஆளுக்குச் சொல்லிவிடுவதே முறை.

செப்டம்பர் மாதத்திலிருந்து நவம்பர் வரை, ஆசிரியர் இல்லாத ஒரு வகுப்புக்கு, எறையூர் ராசாங்கம் மகள் வளர்மதி மெய்ப் பகுப்பாய்வு நடத்தினாள்.